அணாவா, நயா பைசாவா: பழைய சாகசக் கதைகளின் முதற் பதிப்பை அடையாளம் காண்பது எப்படி

பழைய மர்ம நாவல் ஒன்று கையில் கிடைத்தால் எல்லாரும் முதலில் தலைப்பைப் பார்ப்பார்கள், அடுத்து எழுதியவர் பெயரை. நான் விலையைப் பார்ப்பேன். தர்மபுரியில் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பத்திரக் கட்டும் ஆபீஸ் லெட்ஜரும் காலேஜ் பிராஜெக்ட்டும்தான் பிழைப்பு. துப்பறியும் கதை, வேட்டைக் கதை, பேய்க் கதை, விஞ்ஞானக் கதை இவற்றின் முதற் பதிப்புகளைச் சேர்ப்பது சொந்தப் பைத்தியம். கிழிந்த புத்தகத்தைத் தைக்கக் கொண்டுவருகிறவர்கள் கல்லாப் பக்கம் சாய்ந்து, “இது ஃபர்ஸ்ட் எடிஷனாண்ணா? காசு வருமா?” என்று கேட்காத வாரம் இல்லை. ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல நேரம் போதாததால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

புத்தகம் தன்னைப் பற்றி அச்சடித்திருப்பதைப் பாதிதான் நம்பலாம். மீதியை அதன் உடம்பு சொல்லும். விலை, முகவரி, எழுத்தின் வடிவம், தாள், தையல், பின்னட்டை விளம்பரம் எல்லாம் ஒரே காலத்தைக் காட்டினால்தான் நான் ஒத்துக்கொள்வேன். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் அதை விடமாட்டேன்.

விலைதான் முதல் சாட்சி. இந்தியாவில் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் விலை 2-8-0 என்று இருக்கும். இரண்டு ரூபாய் எட்டணா. அதற்குப் பிறகு சில வருஷங்களுக்கு “ந.பை.” என்று வரும். ‘நயா’ என்ற ஒட்டை 1964 ஜூன் 1 முதல் எடுத்துவிட்டார்கள், வெறும் பைசா ஆனது. ஆக, ஒரு புத்தகம் “முதற் பதிப்பு 1954” என்று சொல்லிக்கொண்டு பின்னட்டையில் “ரூ. 3.50” என்று போட்டிருந்தால் அது பிறகு அடித்த அட்டை, அல்லது பிறகு அடித்த புத்தகம். பழைய சரக்கைத் தீர்க்க அணா விலையின் மேல் சீட்டு ஒட்டி ரப்பர் ஸ்டாம்ப் குத்திய பிரதிகளும் உண்டு. வெளிச்சத்துக்கு நேராகத் தாளைப் பிடித்தால் அடியிலிருக்கும் அணா தெரியும். அப்படிப்பட்டதை விடாதீர்கள்.

அடுத்தது பதிப்பகத்தின் முகவரி. “சென்னை-17” என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் பின்கோடு வருவதற்கு முந்தையது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அதன் பிறகுதான் 600 017. அந்தக் காலப் பதிப்பகங்கள் பழைய பிளாக்கையே வைத்து ஓட்டுவார்கள் என்பதால் ‘பின்கோடு இல்லை’ என்பது பலவீனமான சாட்சி. ‘பின்கோடு இருக்கிறது’ என்பது பலமானது. ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்று இருந்தால் 1996-க்கு முன் என்று எடுத்துக்கொள்ளலாம். நம்ம ஊருக்கென்றே ஒரு கணக்கும் உண்டு. முதல் பக்கத்தில் சொந்தக்காரரின் ரப்பர் ஸ்டாம்ப் “தர்மபுரி, சேலம் ஜில்லா” என்றிருந்தால், தர்மபுரி தனி மாவட்டமான 1965 அக்டோபருக்கு முன்பே அந்தப் புத்தகம் இங்கே வந்துவிட்டது என்று பொருள். “கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம்” என்றிருந்தால் 2004 பிப்ரவரிக்கு முன். பழைய முத்திரையை அழுக்கு என்று ரப்பர் வைத்துத் தேய்க்கிறார்கள். கையை வெட்டலாம் போலிருக்கும்.

எழுத்தின் வடிவம் மூன்றாவது. 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியபோது 13 எழுத்துகள் மாறின. துதிக்கை தூக்கிய பழைய லை, ளை, னை, ணை. சுழித்து எழுதிய ணா, றா, னா வரிசை. பழைய வடிவம் இருந்தாலே 1978-க்கு முந்தையது என்று சத்தியம் செய்ய முடியாது. ஈய எழுத்தைத் தூக்கிப்போட மனமில்லாத அச்சகங்கள் அதன் பிறகும் அதிலேயே ஓட்டின. ஆனால் புது ‘லை’ போட்ட ஒரு புத்தகம் தன்னை 1960 என்று சொன்னால், முன்பே புது வடிவில் அச்சடித்துவந்த பெரியார் இயக்க வெளியீடாக இல்லாதவரை நம்பாதீர்கள்.

இன்னும் பழையதாக இருந்தால் வருஷமே ஆங்கிலக் கணக்கில் இருக்காது. “விய வருஷம்” என்று போட்டிருந்தால் 1946-47 ஆக இருக்கலாம், 60 வருஷம் முந்திப்போய் 1886-87 ஆகவும் இருக்கலாம். தாளும் விலையும் எழுத்தும் பார்த்து முடிவுக்கு வாருங்கள். துப்பறியும் நாவல்காரரான ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்துப் புத்தகங்களில் இந்த வேலை கட்டாயம் வரும். அவர்கள் நாவல்கள் பல பதிப்பு ஓடியவை. தலைப்புத் தாளில் எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி என்று போடும் வழக்கமும் அப்போது இருந்தது. அந்தத் தாள் போய்விட்டால்தான் சிரமம்.

அப்படி ஒன்று இப்போது என் மேசையிலேயே கிடக்கிறது. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டைப் பிரித்தபோது பரணிலிருந்து வந்த மர்ம நாவல். அட்டை இல்லை, தலைப்புத் தாளும் இல்லை, கதை 3-ம் பக்கத்தில் தொடங்குகிறது. கடைசித் தாளில் அதே பதிப்பகத்தின் மற்ற நாவல்களுக்கு விளம்பரம், எல்லா விலையும் அணாவில். ஆகவே 1957-க்கு முன். பக்கத்தைப் புரட்டி முதுகுப் புறம் விரலால் தடவினால் எழுத்து மேடு தட்டுகிறது. டிரெடிலில், அதாவது காலால் மிதித்து ஓட்டும் அச்சு மிஷினில், ஈய எழுத்து அழுத்தி அடித்தது. 17-ம் பக்கத்தின் அடியில் ஓரமாகப் பொடி எழுத்தில் கதைப் பெயரின் முதலெழுத்தும் 2 என்ற எண்ணும் இருக்கின்றன. இரண்டாவது பாரம். ஒரே தாளில் அடித்து மடித்த பக்கக் கட்டைத்தான் பாரம் என்போம். அடுத்தது 33-ல், பிறகு 49-ல். பாரத்துக்கு 16 பக்கம். இந்தப் பொடி எண் பைண்டருக்காக அச்சகம் போடுவது, படிக்கிறவர் கண்ணில் படாது. வாங்குகிறவர் இதை வரிசையாகப் பார்த்துவிட்டால் நடுவில் பாரம் விடுபட்டிருக்கிறதா என்பது அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். பக்க எண்ணைப் புரட்டிப் பார்ப்பதைவிட இது வேகம். என் பிரதியில் பாரம் எல்லாம் சரி. 1957-க்கு முந்தையது என்பது வரை நிச்சயம். முதற் பதிப்புதானா என்று சொல்ல இது போதாது. மொத்தப் பக்கம், அச்சகத்தின் பெயர் இரண்டையும் குறித்துக்கொண்டு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலோடும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடைக்கும் பிரதிகளோடும் ஒப்பிட வேண்டும். அச்சகத்தின் பெயர் எங்கே போனாலும் கிடைக்கும். 1867-ம் வருஷத்து அச்சகச் சட்டப்படி புத்தகத்தில் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டும் என்று அப்போது இருந்ததால் பின்பக்கத்திலாவது ஒரு மூலையில் போட்டிருப்பார்கள்.

ஏமாறுகிற இடம் எது தெரியுமா? “முதற் பதிப்பு” என்ற அந்த வரியேதான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆன பிறகு யார் வேண்டுமானாலும் பொன்னியின் செல்வனை அச்சடிக்கலாம் என்றாகிவிட்டது. ஒவ்வொரு பதிப்பகமும் தான் முதலில் அடித்ததை “முதற் பதிப்பு” என்றே போடுகிறது. அது அவர்களுக்கு முதற் பதிப்பு, அதில் பொய் இல்லை. நமக்கு வேண்டியது அந்தக் கதை முதன்முதலாகப் புத்தகமாக வந்தது. வருஷத்தையும் பதிப்பகத்தையும் சேர்த்துப் படியுங்கள். “மறு அச்சு” என்றால் அதே பாரத்தை மறுபடி ஓட்டியது. “இரண்டாம் பதிப்பு” என்றால் திருத்தியோ புதிதாகக் கோத்தோ அடித்தது. பல பதிப்பகங்கள் இரண்டையும் குழப்பிப் போடும். நமக்கு இரண்டுமே வேண்டாம்.

இன்னொரு சிக்கல், தமிழில் சாகசக் கதைகளில் பாதிக்கு மேல் வாரப் பத்திரிகைத் தொடராக வந்தவை. பொன்னியின் செல்வன் கல்கியில் 1950 அக்டோபர் தொடங்கி 1954 மே வரை ஓடியது. சாண்டில்யனின் கடல் புறா குமுதத்தில் வந்தது. சுஜாதாவின் என் இனிய இயந்திரா ஆனந்த விகடனில். இவற்றின் உண்மையான முதல் அச்சு எது என்றால், வீட்டில் யாரோ அக்காவோ அத்தையோ வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தெருமுனை பைண்டரிடம் கொடுத்து காலிகோ துணியில் முதுகு போட்டு வைத்த அந்தக் கட்டுதான். என் கட்சி இதுதான்: முதல் புத்தகப் பதிப்பும் பைண்டு தொடரும் ஒரே விலைக்கு வந்தால் தொடரை எடுப்பேன். மணியம் வரைந்த வந்தியத்தேவனும் லதா வரைந்த கப்பலும் வாராவாரம் அதில் இருக்கும். புத்தகமாக்கும்போது படங்களில் பெரும்பாலானவை கழிந்துவிடும். பெரிய வியாபாரிகள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பைண்டு தொடரை எடைச் சரக்காகவே பார்ப்பார்கள். நமக்கு நல்லதுதான்.

பைண்டு தொடர் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஓரம். எங்கள் ஆட்கள் கட்டிங் மிஷினில் கொடுத்து மூன்று பக்கமும் சீவும்போது தேதி, பக்க எண், சில நேரம் படத்தின் தலைகூடப் போய்விடும். தேதி போயிருந்தால் பின்பக்க விளம்பரத்தைப் பாருங்கள். ரிலீஸ் சினிமா விளம்பரம் ஒன்று கிடைத்தால் வருஷம் கிடைத்த மாதிரி. நடுவில் ஓர் அத்தியாயம் குறைந்தாலும் பாதி மதிப்பு போச்சு. அத்தியாய எண்ணை வரிசையாக ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மாத நாவல், பாக்கெட் நாவல் வகையில் குழப்பம் குறைவு. மாலைமதி, ராஜேஷ்குமாரின் கிரைம் நாவல்கள் எல்லாம் மாத இதழாக வந்தவை, பெரும்பாலும் அந்த மாதத்து இதழே முதற் பதிப்பு. பிரச்சினை ஸ்டேப்ளர் பின்தான். நடுவில் அடித்த அந்தக் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். முதுகுப் பக்கம் கத்தி முனையால் மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு அதே ஓட்டையில் பருத்தி நூலால் தைத்துவிடலாம். இழுத்துப் பிடுங்கினால் துருவோடு தாளும் வரும்.

காமிக்ஸில் முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, லயன் காமிக்ஸ் 1984-ல், இரண்டும் சிவகாசி. அதே 1984-ல் ராணி காமிக்ஸ். மாயாவி கதைகள் பலமுறை மறுபதிப்பு ஆகியிருப்பதால் அட்டைப் படத்தை மட்டும் பார்த்து ஆசைப்படாதீர்கள். உள்ளே விலையும் சந்தா விவரமும் ‘அடுத்த வெளியீடு’ அறிவிப்பும்தான் காலம் சொல்லும். அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது. வேதாளம் கதை தேடுகிறவர்களுக்குத் தனி இதழைவிட ஒரு வருஷத்தைச் சேர்த்து பைண்டு செய்த தொகுதி சுலபமாகக் கிடைக்கும்.

ஆங்கிலப் புத்தகத்துக்கு வருகிறேன். இங்கேதான் நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பாத்தியதை இருக்கிறது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) எழுதிய வேட்டைக் கதைகளில் பாதி நம்ம காடு. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் எல்லாம் பெயரோடு வரும். அப்போது இந்தப் பகுதி முழுக்க சேலம் ஜில்லா, அவரும் அப்படித்தான் எழுதியிருப்பார். நடுநடுவே பேய், மந்திரம், விளக்கமுடியாத சம்பவம் என்றும் இறங்கிவிடுவார், ஆகவே சாகசம், அமானுஷ்யம் இரண்டு அலமாரியிலும் வைக்கலாம். முதல் புத்தகமான ‘நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’ 1954-ல் லண்டன் ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் வெளியிட்டது. ஜவளகிரி ஆட்கொல்லிப் புலி அதில்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கருஞ்சிறுத்தையைத் தலைப்பிலேயே வைத்த ‘தி பிளாக் பேந்தர் ஆஃப் சிவனிப்பள்ளி’ 1959.

இவற்றை அடையாளம் காண்பது சுலபம். தலைப்புத் தாளின் பின்பக்கம் “முதலில் வெளியானது 1954” என்ற பொருளில் ஒரே ஒரு வரி இருந்தால் நல்லது. அதன் கீழே இரண்டாம் அச்சு, மூன்றாம் அச்சு என்று வரிசை இருந்தால் பிந்தையது. அடுத்தது மேலுறை, அட்டைக்கு மேல் சுற்றியிருக்கும் காகிதச் சட்டை. உள்மடிப்பின் கீழ் மூலையில் ஷில்லிங் கணக்கில் விலை இருக்க வேண்டும். இங்கிலாந்தில் தசம நாணயம் 1971 பிப்ரவரி 15-ல்தான் வந்தது, ஆகவே புதுப் பென்ஸ் விலை போட்ட மேலுறை 1950-களின் புத்தகத்துக்குச் சொந்தமானதல்ல; யாரோ பிந்தைய பிரதியின் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்கள். மடிப்பு மூலையைக் கத்தரித்திருந்தால் விலை மறைந்துபோகும், மதிப்பும் குறையும். மேலுறை இல்லாத முதற் பதிப்பை மலிவாகக் கிடைத்தால் மட்டும் எடுங்கள். இப்போது கலர் லேசரில் மேலுறை நகல் அடித்துப் போடுகிறவர்களும் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வைத்துக்கொண்டு பார்த்தால் பழைய அச்சின் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும், லேசரில் தூள் தூவிய மாதிரி எழுத்தின் ஓரம் சிதறியிருக்கும். மடிப்பில் வெள்ளை விழாமல் புத்தம் புதிதாகப் பளபளத்தாலே சந்தேகம் வர வேண்டும்.

லண்டன் என்றால் முதற் பதிப்பு, இந்தியா என்றால் மறுபதிப்பு என்று ஒரு எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது பல இடத்தில் தலைகீழ். ஜிம் கார்பெட்டின் ‘மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் குமாவ்ன்’ முதலில் வந்தது 1944-ல், பம்பாய் ஆக்ஸ்ஃபோர்டு யூனிவர்சிட்டி பிரஸ்ஸில். வெளிநாட்டுப் பதிப்பு பிறகு. கிப்ளிங்கின் பேய்க் கதைத் தொகுதி ‘தி ஃபேன்டம் ரிக்‌ஷா’ 1888-ல் அலகாபாத் ஏ.எச். வீலர் கம்பெனி ரயில்வே ஸ்டேஷனில் விற்க அடித்த ஒரு ரூபாய்ப் புத்தகம், இந்தியன் ரயில்வே லைப்ரரி வரிசையில் 5-வது. காகித அட்டை. ரயிலில் படித்துவிட்டு எறிந்த சரக்கு என்பதால்தான் இன்று அதற்கு இந்த விலை. நான் நேரில் பார்த்ததில்லை. கிழிந்த காகித அட்டைப் புத்தகத்தை எடைக்குப் போடும் முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹெச்.ஜி. வெல்ஸின் 1895 ‘தி டைம் மெஷின்’, பிராம் ஸ்டோக்கரின் 1897 ‘டிராகுலா’ எல்லாம் ஏலக் கம்பெனிக்காரர் விவகாரம். தெரிந்து வைத்துக்கொள்ள ஒரு வேடிக்கை: டைம் மெஷினின் முதல் அமெரிக்கப் பதிப்பில் ஆசிரியர் பெயரையே ஹெச்.எஸ். வெல்ஸ் என்று தப்பாக அடித்துவிட்டார்கள். அந்தத் தப்புதான் அதற்கு அடையாளம். நம் பைக்கு எட்டுகிற விஞ்ஞானக் கதை வேண்டுமென்றால் சோவியத் புத்தகம் தேடுங்கள். மாஸ்கோ மீர், ராதுகா பதிப்பகங்களின் சரக்கு என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) மூலம் மாவட்டம் முழுக்க வந்தது. பலவற்றில் கடைசிப் பக்கத்தில் ரஷ்ய எழுத்தில் எத்தனை பிரதி அச்சானது என்பது வரைக்கும் போட்டிருக்கும். இத்தனை நேர்மையான புத்தகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கே தேடுவது? பழைய பேப்பர் கடைதான் முதல் இடம். ஒரே கடைக்காரரிடம் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். “அண்ணா, அட்டை போன கதைப் புத்தகம் வந்தா கட்டுல போட்டுக் கட்டாதீங்க, எனக்குத் தனியா வைங்க” என்று சொல்லி, எடை விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் போதும். போகிக்கு முந்தின வாரமும், ஏப்ரல், மே மாதங்களும் சரக்கு வரும் காலம். ஓய்வுபெற்ற வாத்தியார் வீடுகள், மூடிப்போன வாடகை நூலகம், ரோடு அகலப்படுத்த இடிக்கும் வீடுகள் இவற்றைக் காதில் போட்டு வையுங்கள். தர்மபுரியில் நடக்கும் தகடூர் புத்தகத் திருவிழாவில் புதுப் புத்தகம்தான் அதிகம், ஆனால் அங்கே வருகிற வாசகர்கள் வீட்டில்தான் பழையது இருக்கிறது, பேச்சுக் கொடுங்கள். ஆங்கிலத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி பெங்களூர் பஸ் ஏறினால் சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசமும் புக்வார்மும், பிரிகேட் ரோடு பக்கம் செலக்ட் புக் ஷாப்பும். ஆண்டர்சனுக்கு பெங்களூரில் விலை ஏறிப்போய்விட்டது, ஓசூரில் பழைய பங்களாவைக் காலி செய்பவர்களிடம் கேட்டுப் பார்ப்பது மேல். சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு (இப்போது பாரதி சாலை) பிளாட்பாரம்தான் அங்கே கதி.

வாங்கிய பிறகு செய்யக்கூடாதவற்றைச் சொன்னால் என் வியாபாரத்துக்குத்தான் நஷ்டம், ஆனாலும் சொல்கிறேன். முதற் பதிப்பை பைண்டரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் “சீவக்கூடாது, பழைய அட்டையை எறியக்கூடாது” என்று சீட்டு எழுதி ஒட்டிக் கொடுங்கள். வாய்வார்த்தை கடைப் பையன் காதுக்குப் போய்ச் சேராது. செலோடேப் ஒட்டாதீர்கள், பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். வெள்ளைப் பசை போட்டால் பிறகு பிரிக்க வராது. மைதா பசை தண்ணீருக்கு இளகும். எங்கள் தொழிலில் பூச்சி வராமலிருக்க மைதாவில் மயில்துத்தம் கலப்போம். லெட்ஜருக்கு அது சரி. பழைய தாளுக்குத் தாமிரம் ஆகாது, வெறும் மைதாவே போதும், கிளறி ஆறவைத்து அன்றன்றைக்கு. லேமினேஷன் பற்றிப் பேசவே வேண்டாம்.

தர்மபுரியின் வறண்ட காற்று சென்னை ஈரத்தைவிடப் புத்தகத்துக்கு நல்லது. எதிரி சூடும் கரையானும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் பரணில் வைத்தால் பத்து வருஷத்தில் தாள் அப்பளமாக நொறுங்கும். மேற்குச் சுவரை ஒட்டியும் வேண்டாம். இரும்பு பீரோவில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்குத்தாக, நெருக்காமல் அடுக்குங்கள். வேப்பிலையைப் பக்கத்துக்குள் வைத்தால் கறை படியும், அலமாரி மூலையில் துணியில் கட்டி வையுங்கள். ராமபாணப் பூச்சி ஏறிய புத்தகத்தை பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, ஐஸ்கிரீம் கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் அவருடைய டீப் ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரியில் பத்து நாள் வைக்கலாம். எடுத்த பிறகு பை முழுக்க அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள், வேர்த்துவிடும்.

கடைசியாக ஒரு நோட்டு. எந்தப் புத்தகம், எங்கே கிடைத்தது, என்ன கொடுத்தோம், எந்தச் சாட்சியை வைத்து முதற் பதிப்பு என்று முடிவு செய்தோம் என்று பென்சிலில் எழுதி வையுங்கள். புத்தகத்தின் மேல் எழுதாதீர்கள். விற்கிற அன்றைக்கு வாங்க வருகிறவர் முதலில் கேட்பது “எப்படிச் சொல்றீங்க?” என்பதைத்தான், நோட்டைப் பிரித்துக் காட்டிவிட்டு விலையைச் சொல்லலாம்.